நாலு நிமிஷ டபாட்டா ஒரு மணி நேர நடைக்குச் சமமா?

கேள்வி | 3 மார்ச் 2024
துறைமுகத்துல ஷிஃப்ட் வேலை. ஜிம்முக்கு நேரம் கிடையாது. நாலு நிமிஷம் டபாட்டா (சில விநாடி முழு வேகம், சில விநாடி ஓய்வுன்னு மாத்தி மாத்திச் செய்ற பயிற்சி) பண்ணா ஒரு மணி நேரம் நடந்ததுக்குச் சமம், அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு உடம்பு தானா கொழுப்பை எரிக்கும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. நம்பி இறங்கலாமா? யாராவது செஞ்சிருக்கீங்களா?

3 மார்ச், இரவு
பாதி உண்மை, பாதி விளம்பரம்.

நான் வட சென்னை தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. வயசு 43, ரெண்டு பிள்ளைங்க, பகல்ல எம்.சி. ரோடு துணிக்கடையில கணக்கு எழுதுறேன். ஜிம் வாசல்படி மிதிச்சதில்லை. இந்த வேகப் பயிற்சியைப் பல வருஷமா விட்டு விட்டுச் செய்றேன். அந்த உரிமையில பேசுறேன் தம்பி.

அந்த நாலு நிமிஷம் எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. 1996ல ஜப்பான்ல இசூமி டபாட்டா குழு வெளியிட்ட ஆய்வு. முறை அவரோடது இல்ல. ஜப்பான் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணிக்குப் பயிற்சி கொடுத்த இரிசாவா கோயிச்சி தன் ஆட்களை அப்படித்தான் வாட்டி எடுத்தாரு, டபாட்டா அதை அளந்து பார்த்தாரு. நின்ன இடத்துல மிதிக்கிற சைக்கிள். 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. மிதிக்கிற வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தா அதோட நிறுத்தம். அதாவது கடைசிச் சுற்றுல கால் வராமப் போகணும். அதுதான் கணக்கு. அதுக்கு முன்னாடி 10 நிமிஷம் மெதுவா மிதிச்சு உடம்பைச் சூடாக்கினாங்க. செஞ்சவங்க விளையாட்டுக் கல்லூரிப் பசங்க. வாரம் 5 நாள், 6 வாரம். அந்த 5ல ஒரு நாள் அரை மணி நேரம் சீரான மிதியும் உண்டு. இதெல்லாம் வீடியோவுல வராது.

சமம்னு சொல்றாங்களே அந்த ஒரு மணி நேரம், அது நடையே கிடையாது. எதிர்க் குழு தன் முழுத் திறன்ல 70 சதவீதத்துல ஒரு மணி நேரம் மிதிச்சுது. நம்ம ஆளுக்கு அது நல்ல ஓட்டம். முடிவுல ரெண்டு குழுவுக்கும் ஆக்சிஜன் எடுக்கிற திறன் கூடிச்சு. ஆக்சிஜனை நம்பாம வர்ற குறுகிய நேர பலம் வேகக் குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் ஏறிச்சு. கொழுப்பு அந்த ஆய்வோட கேள்வியே இல்ல.

வீடியோவுல சிரிச்சுக்கிட்டே கேமராவைப் பார்த்துப் பேசுற பொண்ணு செய்றது டபாட்டா இல்ல. டபாட்டா செய்றப்ப பேச்சு வராது.

5 மார்ச்
"ரெண்டு நாள் கொழுப்பு எரியுறது பத்திச் சொல்லாம நழுவிட்டீங்களே அக்கா"ன்னு கேட்டிருக்கீங்க. நழுவல, சோறு வடிக்கப் போயிட்டேன்.

கடுமையா உழைச்ச பிறகு உடம்பு கொஞ்ச நேரம் கூடுதலா ஆக்சிஜன் இழுக்கும், உண்மைதான். அளவுதான் விஷயம். இதைப் பத்தி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006ல ஒரு கட்டுரை வந்துச்சு: பயிற்சியில செலவான கலோரியில 6லேருந்து 15 சதவீதம், அவ்வளவுதான். நாலு நிமிஷத்துல 50 கலோரி போச்சுன்னு வச்சுக்கிட்டாலும், பின்னாடி எரியுறது 3லேருந்து 8. மெதுவடையில ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில போட்டா சரியாப் போச்சு.

எடை குறையணும்னா அது அடுப்படி விவகாரம். இந்தப் பயிற்சி இதயத்துக்கும் மூச்சுக்கும். எனக்கு எடை குறையவே இல்ல. மாடி ஏறி வந்து கதவைத் திறந்ததும் பேச முடியுது. முன்னாடி எல்லாம் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் உள்ள போவேன்.

8 மார்ச்
சரி, சாதாரண ஆளுங்களுக்கு எதுன்னு கேட்டீங்க.

கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல மார்ட்டின் கிபாலா குழு. 2016ல அவங்க எடுத்தது உடற்பயிற்சியே செய்யாத ஆம்பளைங்களை. 20 விநாடி முழு வேகம், 2 நிமிஷம் மெதுவா, இப்படி மூணு தரம். முன்னாடி பின்னாடி சூடு, தணிப்பு எல்லாம் சேர்த்து 10 நிமிஷம். வாரம் மூணு நாள், 12 வாரம். இன்னொரு குழு 45 நிமிஷம் மிதமா மிதிச்சுது. மூச்சுத் திறன் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 19 சதவீதம் கூடிச்சு.

இதுக்கு எடை தூக்கவும் வேணாம், பாயும் வேணாம். 2017ல அதே இடத்துல உட்கார்ந்தே வேலை பாக்கிற பொம்பளைங்களை மாடிப்படி ஏற வச்சாங்க. 20 விநாடி வேகமா ஏறு, நடுவுல ரெண்டு நிமிஷம் தணி, மூணு தரம். மூச்சுத் திறன் கூடிச்சு. அவங்களே இன்னொண்ணும் பார்த்தாங்க: வீட்டுல இருக்கிற மாதிரி ஒரே ஒரு மாடிக்கு 60 விநாடி ஏறி இறங்கி, மூணு தரம். அதுவும் வேலை செஞ்சுது.

படிச்சதும் சிரிச்சுட்டேன். ஹவுசிங் போர்டுல லிஃப்ட் இல்லன்னு நாம எத்தனை மனு கொடுத்தோம்!

9 மார்ச்
ஏறுறப்பத்தான் வேகம். இறங்குறப்ப கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா. நம்ம படி எல்லாம் ஒரே உயரத்துல இல்ல, முனை உடைஞ்சு கிடக்கு. ரப்பர் செருப்போட ஓடாதீங்க. வெறுங்கால் அல்லது ஷூ.

14 மார்ச்
கீழ் வீட்டு அக்கா நேத்து மேல வந்தாங்க. "இன்னாம்மா, காலங்காத்தால உரல் இடிக்கிறியா? எங்க ஃபேன் ஆடுது." நான் ஜம்பிங் ஜாக்ஸ் செஞ்சுக்கிட்டிருந்தேன். காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் பண்ணேன்.

மொட்டை மாடிக்குப் போகலாம்தான். நாலு பக்கமும் அதே உயரத்துல மாடி, எல்லா மாடியிலயும் ஆள், எல்லார் கையிலயும் போன். நைட்டி மேல துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு பர்பி (கீழே போய் எழுந்து குதிக்கிற பயிற்சி) போட என்னால முடியாது. ஆம்பளைங்க இதைக் கணக்குல எடுக்கிறதே இல்ல: "மாடியில செய்யுங்க, பார்க்குல செய்யுங்க"ன்னு ஈசியாச் சொல்லிடுறீங்க.

17 மார்ச் (நீளம், பொறுமையாப் படிங்க)
இப்ப ஓய்வு பத்தி. எல்லாரும் எத்தனை விநாடி வேகம்னுதான் கேக்குறீங்க, எத்தனை விநாடி ஓய்வுன்னு ஒருத்தர் கூடக் கேக்கல. ஆரம்பத்துல எனக்கும் ஓய்வுன்னா வீண் நேரம்தான். பால் பொங்குதான்னு பாத்துட்டு வர்ற இடைவேளை.

என் தம்பி பாக்ஸிங் போவான். எங்க பக்கம் அது புதுசு இல்ல, ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்புன்னு தெருவுக்குத் தெரு கையில பட்டை சுத்தின பசங்களைப் பாக்கலாம். அவனுக்கு 3 நிமிஷம் ரவுண்டு, 1 நிமிஷம் ஓய்வு. ஒரு நாள் நான் குதிச்சுக் குதிச்சு வதங்குறதைப் பாத்துட்டு, "இன்னாக்கா, ரெஸ்ட்டுல போய் வேல செய்ற? அங்கதான் மூச்ச வாங்கணும், மூச்ச வாங்கினாத்தான் அடுத்த ரவுண்டுல அடி வரும்"னான். அவன் வாத்தியார் ஸ்டூல்ல உட்கார வச்சு வயித்துல கை வச்சுப் பாப்பாராம், மூச்சு அடங்குதான்னு.

இதைத்தான் ஜெர்மனியில 1930கள்லயே ஒருத்தர் முறைப்படுத்தினாரு. வோல்டெமார் கெர்ஷ்லர்ங்கிற ஓட்டப் பயிற்சியாளர், கூட ரைண்டல்ங்கிற இதய மருத்துவர். குட்டி ஓட்டத்துல நாடியை 180 பக்கம் கொண்டுபோறது, அப்புறம் அது 120க்கு இறங்குற வரைக்கும் ஓய்வு. ஒன்றரை நிமிஷத்துக்குள்ள இறங்கலன்னா ஓட்டம் அதிகம், இல்ல இன்னிக்கு உனக்குத் தெம்பு போதல, நிறுத்துன்னு அர்த்தம். இதயம் பலப்படுறதே அந்த ஓய்வுலதான்னு நம்பினாங்க. அவங்க சொன்ன காரணம் எல்லாத்தையும் பின்னாடி வந்தவங்க ஒத்துக்கல. ஆனா அந்தப் பயிற்சியில வந்த ருடால்ஃப் ஹார்பிக் 1939ல 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில ஓடி உலக சாதனை வச்சாரு.

செக் நாட்டு எமில் ஜாட்டோபெக் வேற ரகம். 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுவாரு, நடுவுல நிக்காம மெல்ல ஓடிக்கிட்டே இளைப்பாறுவாரு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல 5,000, 10,000, மாரத்தான் மூணுலயும் தங்கம். அவர் ஓய்வுலயும் ஓடினாருன்னு நாமளும் ஓடினா ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலதான் போய் நிக்கணும்.

அதனால என் கருத்து: ஆரம்பிக்கிறவங்க ஓய்வை வேகத்தைப் போல மூணு மடங்கு, நாலு மடங்கு வைங்க. 20 விநாடி வேகம், 80 விநாடி நடை. அப்பத்தான் ரெண்டாவது சுற்றும் நிஜமா வேகமா வரும். 10 விநாடி ஓய்வுல எட்டுச் சுற்று போட்டா மூணாவதுலேருந்து நீங்க செய்றது வேகப் பயிற்சி இல்ல, தள்ளாட்டம்.

18 மார்ச்
"அப்ப கபடியும் இதுதானே"ன்னு கொடுங்கையூர் அண்ணன் எழுதியிருக்காரு. ஆமாண்ணே. ஒரு ரெய்டு 30 விநாடி, அப்புறம் மூச்சு வாங்க நேரம், திரும்ப ரெய்டு. 20 நிமிஷம் 20 நிமிஷமா ரெண்டு பாதி. அது நேரா உச்சத்துக்குத் தூக்கிட்டுப் போகும். நாப்பது வயசுக்கு மேல திடீர்னு இறங்காதீங்க, முட்டி பேசும்.

24 மார்ச்
ஒரு சகோதரி தனியா எழுதிக் கேட்டாங்க, பேர் போட வேணாம்னு. பொதுவுலயே பதில் சொல்றேன், ஏன்னா இது நிறையப் பேருக்கு உண்டு, யாரும் வாயைத் திறக்கிறதில்ல.

பிரசவத்துக்கு அப்புறம் குதிச்சா, ஸ்கிப்பிங் போட்டா, ஏன் இருமினாலே கொஞ்சம் சிறுநீர் கசியுது. எனக்கும் ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் இருந்துச்சு. "ரெண்டு பெத்தா அப்படித்தான்"னு அத்தை சொன்னாங்க, நானும் அதையே பிடிச்சுக்கிட்டு ஜம்பிங் ஜாக்ஸுக்கு முன்னாடி தவறாம பாத்ரூம் போறதைப் பழக்கமா வச்சிருந்தேன்.

அப்படியே விட வேண்டியதில்ல. இடுப்புக்கு அடியில, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குற தசை தளர்ந்துபோனதால வர்றது. அந்தத் தசைக்குத் தனிப் பயிற்சி இருக்கு: சிறுநீரை அடக்குற மாதிரி உள்பக்கமா இறுக்கி, சில விநாடி பிடிச்சு, முழுசா தளர்த்துறது. தளர்த்துறதும் முக்கியம், சும்மா இறுக்கிக்கிட்டே இருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கிறப்பவே நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, வேற நேரத்துல செய்யுங்க. பலன் தெரிய மாசக்கணக்குல ஆகும். மகப்பேறு டாக்டர்கிட்டயோ பிசியோதெரபி பண்றவங்ககிட்டயோ கேட்டா சரியாச் செய்றோமான்னு பாத்துச் சொல்வாங்க. ஏதோ கீழே இறங்குற மாதிரி கனம் தெரிஞ்சா கண்டிப்பாப் போய்க் காட்டுங்க.

அதுவரைக்கும் குதிக்காத வேகம். படி ஏறுங்க. நின்ன இடத்துல முட்டியைத் தூக்கித் தூக்கி நடங்க, ஒரு கால் எப்பவும் தரையில இருக்கட்டும். காத்துல குத்து விடுங்க, தம்பி அதை ஷேடோன்னு சொல்லுவான். ரெண்டு கையும் தோள் உயரத்துல வச்சுக்கிட்டு 30 விநாடி நிறுத்தாம குத்திப் பாருங்க, ஸ்கிப்பிங் எல்லாம் சும்மான்னு ஆயிடும். கீழ் வீட்டு ஃபேனும் ஆடாது.

குதிச்சாத்தான் கடுமைன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. உங்க மூச்சுக்கு எது உச்சமோ அதுதான் கடுமை. எழுபது வயசு ஆளுக்கு ஏத்தத்துல வேகமா நடக்கிறதே உச்சம்.

31 மார்ச்
வாட்ச்ல நாடி 130ஐத் தாண்டவே இல்ல, ஏமாத்துதான்னு கேள்வி.

ரெண்டு காரணம். இதயம் உடனே ஏறாது, வேகம் ஆரம்பிச்சுச் சில விநாடி கழிச்சுத்தான் ஏறும்; 20 விநாடி முடிஞ்சு நீங்க நிக்கிறப்பதான் அது மேல போய்க்கிட்டிருக்கும். அதோட மணிக்கட்டு வாட்ச் ஒளி வச்சுப் பாக்குது, கை வேகமா ஆடினா தடுமாறும். குட்டி வேகத்துக்கு வாட்சை நம்பாதீங்க.

உச்ச நாடிக்கு 220லேருந்து வயசைக் கழின்னு சொல்றது பழைய கணக்கு. 2001ல டனாகாங்கிற ஆய்வாளரோட குழு சொன்னது: வயசை 0.7ஆல பெருக்கி 208லேருந்து கழி. எனக்கு முதல் கணக்குல 177, ரெண்டாவதுல 178. நாப்பதுல ரெண்டும் ஒண்ணா 180. இருபதுல 200க்கு 194, அறுபதுல 160க்கு 166. எதுவா இருந்தாலும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னெண்டு முன்னப்பின்ன வரும்.

நான் பேச்சை வச்சுத்தான் பாக்குறேன். வேகத்துல ரெண்டு வார்த்தைக்கு மேல வரக் கூடாது. ஓய்வு முடியுறப்ப "பால்காரன் வந்துட்டானா"ன்னு முழுசாக் கேக்க முடியணும்.

21 ஏப்ரல்
வெயில் வந்தாச்சு. விடியக்காலை குளிர்ச்சின்னு நாலரைக்கு எழுந்து வேகப் பயிற்சி போட்டுட்டு, தலை சுத்துதுன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க.

விடியக்காலையில சூடு குறைவு, ஆனா காத்துல ஈரம் அப்பத்தான் உச்சம். வேர்வை வழியுறதால உடம்பு குளிராது, வேர்வை காயுறதாலதான் குளிரும். நம்ம கடலோரத்துல அது காயாது, சும்மா சொட்டும். உடம்பு சூட்டைத் தோலுக்கு அனுப்ப ரத்தத்தைத் திருப்பி விடும், அதே வேலைக்கு இதயம் கூட அடிக்கும். மே மாசம் சுற்றுகளைக் குறைங்க, ஓய்வைக் கூட்டுங்க. ஃபேனுக்கு நேரா நின்னு செய்யுங்க, காத்து பட்டாத்தான் வேர்வை காயும். வெப்பத்துக்கு உடம்பு பழக ரெண்டு வாரம் பக்கம் எடுக்கும். ஊருக்குப் போய் ஏசியில இருந்துட்டு வந்து மறுநாளே பழைய வேகத்துல இறங்காதீங்க.

இன்னொண்ணு நம்ம பக்கத்துக்கே உரியது, காத்து. உட்கார்ந்திருக்கிறப்ப நிமிஷத்துக்கு 6, 8 லிட்டர் காத்து இழுப்போம். முழு வேகத்துல அது 60, 80, அதுக்கு மேலயும் போகும், அதுவும் வாய் வழியா. மணலி, எண்ணூர் ஆலைப் பக்கம் கொடியில காயப் போட்ட வெள்ளைத் துணியைத் தட்டிப் பாத்தவங்களுக்கு நான் விளக்க வேணாம். கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கிற எண்ணூர் விரைவு சாலை ஓரமா ஸ்பிரின்ட் ஓடுற பசங்களைப் பாத்தா வயிறு எரியுது. உள்தெருவுக்கு வாங்கடா. அறிஞர் அண்ணா பூங்கா இருக்கு, பழைய ராபின்சன் பூங்கா, 1949ல தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். அங்க பெரியவங்க காலையில நடந்துக்கிட்டே உலக அரசியலைத் தீர்த்து வைப்பாங்க, அதுக்கு நடுவுல வளைஞ்சு ஓடினா அதுவே பயிற்சி.

புகை வாசனை அடிக்கிற நாள்ல வேகம் வேணாம். ஆஸ்துமா இருக்கிறவங்க ரொம்பக் கவனம்.

28 ஏப்ரல்
"காசிமேட்டுல ராத்திரி ரெண்டு மணிக்குக் மீன் கூடை தூக்குற அம்மாவுக்கு இந்த ஹிட் கிட் எல்லாம் இன்னா தெரியும்? அதுங்களுக்கு இல்லாத இதயமா?" ஒருத்தர் கோபமா எழுதியிருக்காரு (ஹிட்னா நாம பேசுற இந்த வேகப் பயிற்சிதான்). ரெண்டு மூணு நாளா இதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

முதல்ல அவர் பக்கம் சாயத்தான் தோணிச்சு. 2022ல பிரிட்டன்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. உடற்பயிற்சியே செய்யாத 25,000க்கு மேற்பட்டவங்க கையில கருவி கட்டிப் பாத்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுறது, பையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறதுன்னு ஒண்ணு ரெண்டு நிமிஷ வேகம் ஒரு நாளைக்கு மூணு தரம் வர்றவங்களுக்கு, அது கொஞ்சமும் இல்லாதவங்களைவிட, அவங்களைத் தொடர்ந்து கவனிச்ச காலத்துல சாகுற ஆபத்து 38லேருந்து 40 சதவீதம் குறைவா இருந்துச்சு. வேகத்தாலதான் குறைஞ்சுதுன்னு நிரூபிக்கல. தெம்பு உள்ளவங்கதானே ஓடுவாங்கன்னும் சொல்லலாம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனமும் 2020ல, தொடர்ந்து 10 நிமிஷமாவது செஞ்சாத்தான் கணக்குங்கிற பழைய நிபந்தனையை எடுத்துடுச்சு. குட்டி குட்டியாச் செஞ்சாலும் சேரும்.

அப்படின்னா லாரித் தண்ணியைக் குடத்துல பிடிச்சு மூணு மாடி ஏறின எங்கம்மாவுக்கு இரும்பு இதயம் இருந்திருக்கணும். இருந்தது முட்டி வலியும் பிரஷரும்.

இங்கதான் நான் ஓய்வு பத்திச் சொன்னதுக்குத் திரும்ப வரேன். வேலையில வர்ற கடும் உழைப்பும் ஓய்வு நேரத்துல நாமளா செய்ற உழைப்பும் உடம்புக்கு ஒண்ணு இல்லன்னு ஆய்வாளர்கள் கொஞ்ச காலமா சொல்றாங்க. கூடை தூக்குறவங்களுக்கு வேகம் இருக்கு, ஓய்வு அவங்க கையில இல்ல. படகு வந்தா தூக்கணும், ஏலம் முடியுற வரைக்கும் தூக்கணும், நாடி 120க்கு இறங்குற வரைக்கும் மீன் காத்திருக்காது. மணிக்கணக்குல பாரம், தூக்கம் கெட்டது, சாப்பாடு நேரத்துக்கு இல்ல. எங்கம்மாவும் லாரி போறதுக்குள்ள பதினஞ்சு குடம் ஏத்தணும். அது பயிற்சி இல்ல. அதனால அண்ணே, "நம்ம ஜனம் உழைக்குது, அதுக்கெல்லாம் ஒண்ணும் வராது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம்ம ஆளுங்க நெஞ்சு வலியை வாயுன்னு சோடா குடிச்சுச் சமாளிக்கிறாங்க.

29 ஏப்ரல்
மேல உள்ளதைப் படிச்சுட்டு என் தம்பி, "நீயும் ஆபீஸ்ல உக்காந்து கணக்குதான எழுதுற, பெரிய தொழிலாளி மாரி பேசுற"ன்றான். அதுவும் சரிதான்.

6 மே
முக்கியமானது, முன்னாடியே எழுதியிருக்கணும். ரெண்டு வாரம் செஞ்சும் மூச்சு வாங்குறது குறையவே இல்ல, கால் கனக்குது, நெஞ்சு படபடக்குதுன்னா, குறிப்பாப் பொம்பளைங்க, ஹீமோகுளோபின் பாருங்க. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21படி நாட்டுல 15லேருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுலயும் பாதிக்கு மேல. ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போக ரத்தத்துல சரக்கு இல்லன்னா நீங்க எத்தனை மாடி ஏறினாலும் சோர்வுதான் மிஞ்சும். எங்க கடையில கூட வேலை பாக்கிற பொண்ணு தன்னைச் சோம்பேறின்னே நெனச்சுக்கிட்டிருந்தா. பாத்தா ஹீமோகுளோபின் வெறும் 8. மாத்திரை எடுத்து ரெண்டு மூணு மாசத்துல ஆளே மாறிட்டா, எந்த டபாட்டாவும் இல்லாம.

12 மே
யார் டாக்டரைக் கேக்காம இறங்கக் கூடாது: நடக்கிறப்ப நெஞ்சுல அழுத்தம் வர்றவங்க, மயங்கி விழுந்தவங்க, கட்டுக்குள்ள இல்லாத பிரஷர், சின்ன வயசுலயே மாரடைப்புல போனவங்க குடும்பம், கண்ல சர்க்கரை பாதிச்சவங்க.

சர்க்கரைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. முழு வேகம் போட்டவுடனே பாத்தா சர்க்கரை ஏறியிருக்கலாம். அட்ரினலின் வேலை, கொஞ்ச நேரத்துல இறங்கும், பயப்படாதீங்க. இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுக்கிறவங்களுக்கு மணிக்கணக்கு கழிச்சு ரொம்பத் தாழவும் செய்யலாம், அதுதான் ஆபத்து. பையில மிட்டாய் இருக்கட்டும்.

பயமுறுத்துறேன்னு நெனைக்காதீங்க. நார்வேயில இதய நோயாளிகளையே வச்சு 2012ல ஒரு கணக்கு வந்துச்சு: மிதமான பயிற்சி 1,29,456 மணி நேரத்துல ஒருத்தருக்கு இதயம் நின்னு உயிர் போச்சு, வேகப் பயிற்சி 46,364 மணி நேரத்துல ரெண்டு பேருக்கு நின்னு, ரெண்டு பேரும் பிழைச்சாங்க. ஆபத்து குறைவு, ஆனா பூஜ்யம் இல்ல. அவங்களைச் சுத்தி டாக்டர் நின்னாங்க, நம்மளைச் சுத்தி நிக்கிறது கொசுதான்.

பழகாத உடம்போட முதல் நாளே நூறு ஸ்குவாட் (உக்காந்து எழுந்திருக்கிறது) போட்டு, தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்துல போனா அன்னிக்கே ஆஸ்பத்திரி. தசை உடைஞ்சு சிறுநீரகத்தை அடைக்கிற விவகாரம் அது. தண்ணி குடிச்சுப் பாத்துக்கலாம்னு வீட்டுல உக்காராதீங்க.

19 மே
கொஞ்சம் இளைப்பாறல். பாக்ஸிங் பேச்சு எடுத்தாலே எங்க தெருப் பெரியவர் 1980க்குப் போயிடுவாரு. முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டாரே, அந்தக் கூட்டத்துல இவரும் நின்னாராம். ஒவ்வொரு தரமும் இவர் நின்ன இடம் மேடைக்குக் கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லிஸுக்குப் பதிலா இவரே ரிங்ல ஏறிடுவாரு.

"பயிற்சி முடிச்சதும் அத்தோ சாப்பிடலாமா?" (அத்தோன்னா நம்ம பக்கத்து பர்மா நூடுல்ஸ்.) சாப்பிடலாம், யார் வேணாம்னா? மொய்ங்கா சூப்பும் சேத்துக்கங்க. எடை பத்தி மட்டும் அப்புறம் கேக்காதீங்க.

9 ஜூன்
முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்காரு. நைட் ஷிஃப்ட் வாரத்துல எப்படின்னு கேக்குறாரு.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் வேகம் வேணாம். தூக்கம் கெட்ட உடம்பு, வேகம் போட்டா இன்னும் முழிப்புத்தான் வரும். தூங்கி எழுந்து, சாயங்காலம் வேலைக்குக் கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. அந்த வாரம் ரெண்டு நாள் போதும். பகல் ஷிஃப்ட் வாரம் மூணு நாள். நடுவுல ஒரு நாளாவது இடைவெளி.

செய்ய வேண்டியது: 4 நிமிஷம் சாதாரணமா ஏறி இறங்குங்க. அப்புறம் 20 விநாடி வேகமா ஏறுங்க, இறங்கி ரெண்டு நிமிஷம் வராந்தாவுல நடங்க. மூணு தரம். கடைசியா 3 நிமிஷம் மெதுநடை. ஒரு மாசம் கழிச்சு 20ஐ 30 ஆக்குங்க, சுற்றைக் கூட்டாதீங்க. மாடிப்படி அலுத்துட்டா நார்வேக்காரங்களோட 4க்கு 4 இருக்கு, 2007ல டிரோன்ட்ஹெய்ம்ல செஞ்சது: 4 நிமிஷம் உச்ச நாடியில 90, 95 சதவீதம், 3 நிமிஷம் மிதமா, நாலு தரம். பக்கத்து மேம்பாலத்து ஏத்தத்துல வேகநடையாச் செய்யலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம் வாய்க்குது. மத்த நாள்ல சும்மா நடக்கிறதை விட்டுடாதீங்க, இது நடைக்குப் பதில் இல்ல, கூட.

10 ஜூன்
டைமர் ஆப் எது நல்லதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ஆப் எல்லாம் நடுவுல விளம்பரம் போடுது, 20 விநாடியில 5 அதுலயே போயிடும். எங்க வீட்டுல சுவர்க் கடிகாரம், செகண்ட் முள் ஓடுறது. முள் 12ல நிக்கிறப்ப கிளம்பு, 4ல நிறுத்து. படியில செய்றவங்க ஒரு விசில் வாங்கிப் பிள்ளைங்க கையில கொடுத்துடுங்க. என் சின்னவனுக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை, ஆனா அவன் எண்ணுற 20 எப்பவும் 30 விநாடிக்கு மேல போகுது.